டேங்குக்குள் ஒரே பேட்டரி

பினாங்கின் மாக் மண்டினில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையின் தின்னர் டேங்குக்குள், முகத்தில் மாஸ்க்கோடு முழங்காலிட்டிருந்தபோது, என் கேமராவின் பேட்டரி அடையாளத்தில் ஒரு கோடுதான் மிச்சம் என்பதைக் கவனித்தேன். உள்ளே போகும்போது அது நிறைந்திருந்தது. படம் எடுக்க வேண்டிய தரையில் இன்னும் பாதி பாக்கி. மாற்றுப் பேட்டரிகள் இரண்டு முழு சார்ஜோடு என் பையில் இருந்தன. பை வெளியே, உள்ளே போக அனுமதி கொடுக்கிற பெர்மிட் அறையில் இருந்தது.

வெளியே போய் மாற்றிக்கொண்டு வந்தால் என்ன என்று, இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். ஏன் முடியவில்லை, அந்த ஒரு கோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் வேலை

எனக்கு வீடு பினாங்குத் தீவில், டத்தோ கிராமாட்டில். ஆரம்பத்தில் கல்யாணம், காதுகுத்து என்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கிலாங்கில் வெல்டிங் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு வேலை அந்தப் பக்கமே போய்விட்டது. தொழிற்சாலையைத்தான் இங்கே கிலாங் என்கிறோம். வருடத்தில் சில நாட்கள் உற்பத்தியை நிறுத்தி, டேங்க், பாய்லர், பைப் எல்லாவற்றையும் சோதிப்பார்கள். இன்ஸ்பெக்டர் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு குறைக்கும் ஒரு படம் வேண்டும். அந்தப் படத்தை எடுப்பவன் நான்.

முன்பு என்னிடம் இருந்தது கண்ணாடி வைத்த பெரிய கேமரா. அதில் நாம் பார்ப்பது லென்ஸ் வழியாக வருகிற நிஜ வெளிச்சம். பார்ப்பதற்கு மின்சாரம் தேவையில்லை. ஒரு பேட்டரி போட்டால் நாள் முழுக்க ஓடும். பிறகு அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வாங்கினேன். எடை குறைவு, இருட்டிலும் படம் நன்றாக விழும். ஆனால் அதில் நாம் பார்ப்பது ஒரு சின்னத் திரையை. சென்சாரும் திரையும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். படமே எடுக்காமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாலும் பேட்டரி இறங்கும். இது வாங்கிய முதல் மாதமே எனக்குத் தெரியும். எவ்வளவு வேகமாக இறங்கும் என்பது அந்த டேங்குக்குள்தான் தெரிந்தது.

ஒரே என்ட்ரி

அன்று மோட்டார் சைக்கிளோடு ஃபெர்ரியில் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து மாக் மண்டின் போனேன். கேட்டில் திலகா காத்திருந்தாள். வெளியிலிருந்து வரும் இன்ஸ்பெக்டர். வெல்டிங் சோதனை அவள் வேலை. இரண்டு மூன்று கிலாங்குகளில் சேர்ந்து வேலை செய்திருக்கிறோம். அதிகம் பேச மாட்டாள். சொன்னதை மாற்றவும் மாட்டாள்.

டேங்குக்குப் போகிற வழியில், தின்னரை டின்களில் நிரப்புகிற கொட்டகை இருந்தது. டேங்குக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாக்கடைதான்; இங்கே லோங்காங் என்பார்கள். அங்கே டின் நிரப்புகிற சரசு அக்கா வாசலில் நின்று எங்களைப் பார்த்துக் கேட்டார்.

“நீங்கதான் டேங்க் பாக்க வந்தவங்களா? இந்த லோங்காங்ல ரொம்ப நாளா வாடை அடிக்குது தம்பி. தலை சுத்துது. கேட்டா, டேங்க் கழுவின தண்ணிங்கறாங்க. கழுவறதுக்கு முந்தியே அடிச்சிச்சி.”

திலகா நின்று, சாக்கடையைக் குனிந்து பார்த்தாள். 

புரொடக்ஷன் மேனேஜர் ராமநாதன் பெர்மிட் அறையில் இருந்தார். செட்டிநாட்டுப் பக்கத்துக் குடும்பம், பினாங்கில் பிறந்து வளர்ந்தவர். மரியாதையான மனிதர். அன்று அவர் முகம் சரியில்லை.

“குணா, சாயங்காலம் தின்னர் லோரி வருது. எறக்க வேற டேங்க் இல்ல. அதனால இன்னிக்கு ஒரே என்ட்ரிதான். உள்ள போனா முடிச்சிட்டு வாங்க. நடுவுல வெளிய வந்தா பெர்மிட் க்ளோஸ். மறுபடி கேஸ் டெஸ்ட், மறுபடி கையெழுத்து. இன்னிக்கு ஆவாது லா.”

“தரைய பாக்காம எவ்வளவு நேரம் ஆவும்னு சொல்ல முடியாது சார்,” என்றாள் திலகா.

“தெரியுது மா. என் நெலமய சொன்னேன். இன்னொன்னும் சொல்லிடறேன். நீங்க என்ன கொற சொன்னாலும் படத்தோட சொல்லுங்க. படம் இல்லாத கம்ப்ளெய்ண்ட் எங்க ஹெட் ஆபீஸ்ல நிக்காது.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “போன தடவ வந்தவங்க உள்ள என்ன பாத்தாங்கன்னே எனக்குத் தெரியல. நீங்க எடுக்கிறது அப்பப்ப என் டேப்லெட்ல வரணும். உங்க கேமராவில முடியும்ல?”

“முடியும் சார்,” என்றேன். வைஃபையைப் போட்டு அவர் டேப்லெட்டோடு இணைத்துக் கொடுத்தேன்.

தின்னர் பெயிண்டை இளக்குகிற திரவம், அதன் ஆவி தீப்பற்றும். டேங்கைக் காலி செய்து, கழுவி, ப்ளோவர் வைத்துக் காற்றை இழுத்து, கேஸ் இல்லை என்று சோதித்த பிறகுதான் ஆளை விடுவார்கள். அப்போதும் சில விதிகள் உண்டு. ஃப்ளாஷ் கூடாது. போன் கூடாது. டேங்குக்குள்ளும் அதன் வாயைச் சுற்றிக் கயிறு கட்டிய இடத்திலும் பேட்டரிக் கதவைத் திறக்கவே கூடாது. பேட்டரியை எடுத்துப் போடும்போது உலோகம் உரசி ஒரு சின்னப் பொறி வந்தால் போதும். கேமராவில் எது இருக்கிறதோ அதுதான்.

டேங்கின் வாய் தரை மட்டத்தில், ஆள் தவழ்ந்து நுழைகிற அளவில் இருந்தது. வாசலில் மணியம் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஆள் இருக்கிறவரை வாசலைக் காவல் காப்பது அவர் வேலை. எழுந்து எங்கேயும் போகக் கூடாது. திலகா முதலில் நுழைந்தாள். நெஞ்சில் கேஸ் மீட்டர், கையில் பொறி வராத டார்ச். நான் பின்னால் தவழ்ந்தேன்.

ஒரு கோடு

உள்ளே தாங்காத சூடு, தாஹான் பண்ண முடியவில்லை. இரும்பு வெயிலை வாங்கிக்கொண்டிருந்தது. ப்ளோவரின் இரைச்சலில் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது. தரை முழுக்க இரும்புத் தகடுகள், அவற்றை ஒட்டிய வெல்டிங் கோடுகள். திலகா துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பாள். சாக்பீஸால் அடையாளம் போடுவாள். பக்கத்தில் அளவுகோலை வைப்பாள். நான் எடுப்பேன். “இன்னொன்னு எடுங்க அண்ணே,” என்பாள். நான் இன்னொன்று எடுத்து, திரையில் பெரிதாக்கி அவளுக்குக் காட்டுவேன்.

தரை நாங்கள் நினைத்ததைவிட மோசமாக இருந்தது. சின்னச் சின்னக் குழிகள். எதுவும் ஆபத்தில்லை, ஆனால் எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும். வேலை நீண்டது. அப்போதுதான் அந்த ஒரு கோட்டைப் பார்த்தேன்.

காரணம் உடனே புரிந்தது. சுற்றிலும் இரும்புச் சுவர். வாசல் பக்கம் இருந்தபோது படங்கள் டேப்லெட்டுக்குப் போயின. உள்ளே தள்ளிப் போகப் போக வைஃபை வெளியே எட்டவில்லை. கேமரா விடாமல் தேடிக்கொண்டே இருந்தது. அனுப்ப முடியாத படத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பப் பார்த்தது. அதோடு, பின்பக்கத் திரையை முழு வெளிச்சத்தில் வைத்திருந்தேன்.

“திலகா, பேட்டரி ஒரு கோடுதான் இருக்கு.”

அவள் தலையை மட்டும் திருப்பினாள். “இன்னும் எத்தன படம் வரும்?”

“சொல்ல முடியாது மா. இப்படியே போனா இந்தப் பக்கமே முடியாது.”

அவள் குதிகாலில் உட்கார்ந்து யோசித்தாள். நான் வாசல்வரை தவழ்ந்து போனேன்.

“மணியம் அண்ணே, பெர்மிட் ரூம்ல என் பை இருக்கு. கேமராவ கொண்டு போய் பேட்டரி மாத்திக் கொடுக்க முடியுமா?”

“நான் இங்கேர்ந்து நகர முடியாது தம்பி. நீங்க ரெண்டு பேரும் உள்ள இருக்கீங்க.” அவர் கயிற்றுக்கு வெளியே நின்ற ராமநாதனைக் கூப்பிட்டுக் கேட்டார். ராமநாதனின் குரல் எனக்கே கேட்டது.

“உள்ள போவுதுன்னு பெர்மிட்ல பதிஞ்ச சாமான் வெளிய வந்தா என்ட்ரி முடிஞ்சிச்சின்னு அர்த்தம். வேணும்னா வரச் சொல்லுங்க. க்ளோஸ் பண்ணிடலாம்.”

திரும்பி உள்ளே போனேன். வைஃபையை அணைத்தேன். கேமராவையே ஃப்ளைட் மோடில் போட்டேன்.

அடுத்து, பின்பக்கத் திரையை முழுக்க அணைத்து, கண்ணை வைக்கும்போது மட்டும் வியூஃபைண்டர் எரிகிற மாதிரி மாற்றினேன். அதில் ஒரு வம்பு உண்டு. கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டால் வியூஃபைண்டர் சட்டையில் படும். கண் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு தொங்குகிற நேரமெல்லாம் எரியும். அதனால் வாரைச் சுருட்டி, கேமரா ஆடாமல் இருக்கக் கொண்டுபோயிருந்த சின்ன மணல் பைமேல் அதை வைத்தேன். படம் எடுத்ததும் அது தானாகத் திரையில் வந்து நிற்பதை நிறுத்தினேன். வியூஃபைண்டரின் வேகத்தைக் குறைத்தேன். கொஞ்சம் சும்மா இருந்தாலே கேமரா தூங்கிவிடுகிற மாதிரி வைத்தேன். மணல் பைமேல் இருக்கிற கேமராவுக்குக் கை நடுக்கம் தடுக்கும் வசதி தேவையில்லை, அதையும் எடுத்தேன். பட்டனைத் தொடுவதற்கு முன்பே லென்ஸ் ஓடி ஓடி ஃபோகஸ் தேடுகிற வழக்கத்தை நிறுத்தி, ஃபோகஸைக் கைக்கு மாற்றினேன். திலகாவின் அளவுகோலையே தூரத்துக்கு வைத்துக்கொண்டேன். அதன் நீளம் தள்ளி லென்ஸ் இருந்தால் படம் தெளிவு.

ஒன்றை மட்டும் செய்யவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் கேமராவை ஆஃப் செய்யவில்லை. என் கேமரா அணைக்கும்போதெல்லாம் சென்சாரை உதறித் தூசி தட்டும். போடும்போது எல்லாவற்றையும் புதிதாக எழுப்பும். அதைவிட அதைத் தூங்க விட்டு, பட்டனை லேசாக அமுக்கி எழுப்புவது மேல்.

“இனிமே ஒண்ணுக்கு ஒரு படம்தான்,” என்றேன்.

“ஷேக் ஆயிருந்தா?”

“ஆவாம எடுக்கிறேன். ஆனா எடுத்தத பாக்க முடியாது. நீயும் கேக்காத.”

அவளுக்கு அது பிடிக்கவில்லை. பார்க்காத படத்தை நம்பி அவள் கையெழுத்துப் போட வேண்டும். 

“சரி. நான் லைட்ட வெச்சி, ஸ்கேல வெச்சி, எல்லாம் சரி பண்ணிட்டு சொல்றேன். அதுக்கப்புறம் கேமராவ எழுப்புங்க.”

அந்த யோசனை அவளுடையது. அதுவரை நான் வியூஃபைண்டரில் பார்த்துக்கொண்டே அவளை இடம் மாற்றிக்கொண்டிருந்தேன். அந்த நேரமெல்லாம் பேட்டரி ஓடிக்கொண்டிருந்தது. இப்போது எல்லா ஏற்பாட்டையும் கேமரா தூங்கும்போது செய்தோம். எழுப்பு, பார், எடு, விடு. அவ்வளவுதான்.

பேட்டரிக் கோடு அப்படியே நின்றது. நாங்கள் நகர்ந்தோம்.

மறைப்பதாகச் சந்தேகம்

மூன்றாவது வரிசை வெல்டிங்குக்கு வந்தபோது வாசல் பக்கம் ராமநாதன் குரல் கேட்டது. மணியத்தைத் தாண்ட முடியாமல், கயிற்றின் ஓரத்தில் குனிந்து நின்று பேசினார்.

“குணா, ஒண்ணுமே வரல. ஏன் கட் பண்ணிட்டீங்க?”

“பேட்டரிக்காக சார். வெளிய வந்து எல்லாத்தயும் காட்டறேன்.”

“நான் பாக்கணும்னுதானே கேட்டேன். பாக்கக் கூடாதுன்னு எதயாவது மறைக்கிறீங்களா?”

“மறைக்க என்ன சார் இருக்கு. வைஃபை போட்டா கேமரா செத்துரும்.”

“அப்ப பெர்மிட்ட நிறுத்திடறேன். எடுத்த வரைக்கும் போதும்.”

 அந்தக் கிலாங்கில்தான் எனக்கு அதிக வேலை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த வருடம் என்னைக் கூப்பிட மாட்டார்கள். வைஃபையைத் திரும்பப் போட்டுவிடலாமா என்று விரல் மெனு பட்டனுக்குப் போனது.

திலகா என்னைத் தாண்டி வாசலுக்குத் தவழ்ந்து போனாள். குரலை உயர்த்தவில்லை, ப்ளோவர் சத்தத்தில் கேட்கிற அளவுக்குப் பேசினாள்.

“நிறுத்துங்க சார். அது உங்க உரிமை. நிறுத்தினா, தரையில பாதி பாக்கலன்னு ரிப்போர்ட்ல எழுதுவேன். பாதி பாத்த டேங்க்ல லோரி எறக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

 மணியம் டேங்கின் வாயில் குனிந்து சொன்னார்: “போயிட்டாரு மா. நீங்க பாருங்க.”

என் விரலைப் பட்டனிலிருந்து எடுத்தேன். திலகா திரும்பி வரும்போது அவள் மூச்சு வேகமாக இருந்தது. அவளும் பயந்துதான் பேசியிருக்கிறாள் என்று அப்போது தெரிந்தது.

தூணுக்குப் பின்னால்

டேங்கின் கூரையைத் தாங்குகிற தூண் ஒன்று சுவர் ஓரமாக நின்றது. அதன் அடியில் தரையோடு வைத்த வெல்டிங்தான் கடைசிப் பகுதி. தூணுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் படுத்தால் மட்டும் கொள்ளுகிற இடுக்கு. அந்தச் சுவருக்கு வெளியேதான் கொட்டகையின் சாக்கடை.

அங்கே போனபோது திலகாவின் மீட்டரில் எண் நகர்ந்தது. காலையிலிருந்து சுழியத்தில் நின்ற எண். அவள் பின்னால் வந்தாள், இறங்கியது. திரும்ப முன்னால் போனாள், ஏறியது.

“இந்த எடத்துல மட்டும் ஏறுது அண்ணே.”

“ப்ளோவர் நின்னுருச்சா?”

“ஓடுது. கழுவி காய வெச்ச டேங்க். உள்ள ஒரு சொட்டு தின்னர் கெடயாது. அப்ப எங்கேர்ந்து வருது?”

இருவரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தோம்.

அவள் படுத்து, கையை நீட்டி, தூண் அடியில் துடைத்தாள். டார்ச்சைத் தரையோடு சாய்த்தாள். வெல்டிங் ஓரத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. துடைத்த இடம் காய்ந்து மங்கலாக இருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோட்டின் ஓரம் மெல்ல மினுங்கியது. அடியிலிருந்து ஈரம் வந்துகொண்டிருந்தது. மேலே இருந்த தின்னர் எவ்வளவு நாளாகக் கீழே இறங்கிப் போய் நிற்கிறதோ, அது வெயில் சூட்டில் திரும்ப மேலே வருகிறது.

“இது வேணும்,” என்றாள் திலகா. “இது இல்லாட்டி மத்தது எதுவும் பிரயோஜனம் இல்ல. மீட்டர் அலாரம் அடிச்சா நான் நிக்க மாட்டேன், நீங்களும் நிக்கக் கூடாது.”

“சரி.”

பட்டனை லேசாகத் தொட்டேன். வியூஃபைண்டரில் பேட்டரி சிவப்பில் மின்னியது. உடனே விட்டேன். ஒரு படம் வரலாம். வராமலும் போகலாம்.

நான் அவளுக்கு எதிர்ப் பக்கம் படுத்தேன். மணல் பையை இடுக்குக்குள் தள்ளினேன். அளவுகோலை லென்ஸிலிருந்து தரைக்குப் பிடித்துத் தூரத்தைப் பார்த்தேன், கொஞ்சம் அதிகம். பையைக் கையால் குத்தித் தாழ்த்தினேன். திரும்ப அளந்தேன். சரியாக இருந்தது, அளவுகோலை அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையை எடுத்தால் கேமரா நகரும் என்று அப்படியே விட்டேன்.

“லைட்ட இன்னும் தாழ்த்து. இன்னும். அங்கயே வை.”

“தொடச்சிட்டேன். ஈரம் வரட்டும்.”

காத்திருந்தோம். கேமரா தூங்கிக்கொண்டிருந்தது. மீட்டரின் எண் ஏறுவதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் முகத்தில் தெரிந்தது. அந்தக் கோடு முதலில் ஒரு முனையில் மினுங்கியது, பிறகு நடுவில்.

“இப்ப.”

பட்டனைத் தொட்டேன். வியூஃபைண்டர் இருட்டாகவே இருந்தது. எழவில்லை. விரலை எடுத்து மறுபடி தொட்டேன். வெளிச்சம் வந்தது. கோடு நடுவில் இல்லை, சற்று ஓரமாக இருந்தது. சரி செய்ய நேரமில்லை. அமுக்கினேன். வெளிச்சம் குறைவு என்பதால் ஷட்டர் மெதுவாகத் திறந்து மெதுவாக மூடியது. அது மூடுகிற சத்தத்தோடு மீட்டர் அலறத் தொடங்கியது.

“வெளிய அண்ணே, வெளிய.”

கேமராவை ஆஃப் செய்யவில்லை, எதையும் தொடவில்லை. ஒரு கையில் பிடித்துக்கொண்டே தவழ்ந்தேன். படம் கார்டில் ஏறிக்கொண்டிருப்பதைக் காட்டுகிற சின்னச் சிவப்பு விளக்கு என் விரல்களுக்கு நடுவில் எரிந்தது. வாசலை அடைவதற்குள் அது அணைந்தது. எழுதி முடித்து அணைந்ததா, பேட்டரி செத்து அணைந்ததா என்று தெரியவில்லை. பட்டனைத் தொட்டுப் பார்த்தேன். கேமரா எழவில்லை.

மணியம் என் தோளைப் பிடித்து வெளியே இழுத்தார். பிறகு திலகாவை.

பெர்மிட் அறை

பெர்மிட்டை மூடியாகிவிட்டது. ராமநாதன் மேசைக்கு எதிரே நின்றார்.

“என்ன கெடச்சிச்சி?”

“தூண் அடியில வெல்ட் விட்டுருக்கு சார். தரைக்குக் கீழ தின்னர் நிக்குது. அதான் கேஸ் ஏறுது.”

“கழுவின பசங்க துணிய எங்கயாவது விட்டிருப்பாங்க. அந்த வாடையா இருக்கும்.”

“நான் தொடச்சேன். தொடச்ச எடத்துல திரும்ப வந்திச்சி.”

“படம் இருக்கா?”

திலகா என்னைப் பார்த்தாள். நான் பையிலிருந்து புதுப் பேட்டரியை எடுத்தேன். கை வியர்த்து, பேட்டரிக் கதவு இரண்டு முறை வழுக்கியது. போட்டு, ஆன் செய்தேன். கார்டைப் படிப்பதாகத் திரையில் காட்டியது. அது எப்போதும் எடுத்துக்கொள்கிற நேரம்தான். மூவரும் அந்தச் சின்னத் திரையின்மேல் குனிந்தோம்.

படம் வந்தது. கோணல். ஒரு மூலையில் திலகாவின் கையுறை. ஆனால் அளவுகோலின் எண்கள் தெளிவாக இருந்தன; வெல்டிங் ஓரத்தில் அந்தக் கோடும், கோட்டில் ஈரத்தின் மினுமினுப்பும் தெளிவாக இருந்தன.

ராமநாதன் கேமராவைக் கேட்டு வாங்கினார். பெரிதாக்கிப் பார்த்தார். அதற்கு முந்தைய படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, திரும்பக் கடைசிப் படத்துக்கு வந்தார்.

“கைல இருந்த வேர்வ சொட்டலயே?”

“ரெண்டு தடவ தொடச்சேன் சார். ரெண்டு தடவயும் கோடு இருக்கிற எடத்துல மட்டும்தான் வந்திச்சி,” என்றாள் திலகா.

அவர் கேமராவை மேசைமேல் வைத்தார். போனை எடுத்து லோரி டிரைவரைக் கூப்பிட்டார். “ஜாங்கான் மாசோக் டூலு,” என்றார். இப்போதைக்கு உள்ளே வராதே என்று. அடுத்து ஹெட் ஆபீஸ். அங்கே யாரோ நீண்ட நேரம் பேசினார்கள். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னார்: “இல்ல, இன்ஸ்பெக்டர் நிறுத்தல. நான் நிறுத்தறேன். என் பேர்லயே போடுங்க.”

பிறகு கொட்டகைக்குப் போய், சரசு அக்காவையும் மற்றவர்களையும் வேலையை விட்டு வெளியே வரச் சொன்னார். நான் தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். திலகா வாங்கித் திறந்து கொடுத்தாள்.

“ஒரே படம்னு சொன்னப்ப எனக்கு நம்பிக்க இல்ல அண்ணே,” என்றாள்.

“எனக்கு மட்டும் இருந்திச்சா,” என்றேன்.

தூண் அடித் தகட்டை வெட்டி எடுத்தபோது அடியில் மண் தின்னரில் ஊறிக் கிடந்தது. சாக்கடைப் பக்கம் வரை பரவியிருந்தது. டேங்கை நிரப்பியிருந்தால் அந்த எடையில் வெல்டிங் இன்னும் திறந்திருக்கும் என்று சரிசெய்ய வந்தவர்கள் சொன்னார்கள். கொட்டகையைக் கிலாங்கின் வேறு மூலைக்கு மாற்றினார்கள். ராமநாதனுக்கு அந்த வருடம் ஹெட் ஆபீஸில் நல்ல பெயர் இல்லை என்று கேள்விப்பட்டேன். அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை. அடுத்த முறை உற்பத்தியை நிறுத்திச் சோதித்தபோதும் என்னைத்தான் கூப்பிட்டார்.

இளையவர்களுக்கு

மெனுவில் எதை அணைக்க வேண்டும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். ஒவ்வொரு கேமராவிலும் பெயர் மாறும், விஷயம் மாறாது. எதுவும் சென்சாரையும் திரையையும் தேவையில்லாமல் ஓட விடக் கூடாது. ஆனால் அதையெல்லாம் நான் செய்தது ஒரு கோடு மிஞ்சிய பிறகு, டேங்குக்குள், கண்ணில் வியர்வையோடு. இப்போது வீட்டிலேயே செய்து, கேமராவில் ஒரு தனி செட்டிங்காகச் சேமித்து வைத்திருக்கிறேன். உள்ளே நுழையுமுன் டயலை அதற்குத் திருப்பிவிடுகிறேன்.

லைவாகப் பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், அதற்கு எவ்வளவு பேட்டரி போகும் என்பதை வேலை தொடங்குமுன் சொல்லிவிடுகிறேன். நடுவில் அணைத்தால் சந்தேகம்தான் வரும். அவர்மேல் தப்பில்லை.

எடுத்த படத்தை உடனுக்குடன் பார்க்கிற பழக்கத்தை விடுவதுதான் இருப்பதிலேயே கஷ்டம். பார்க்காமல் இருக்க வேண்டுமானால், எடுப்பதற்கு முன்பே எல்லாம் சரியாக இருக்க வேண்டும். வெளிச்சம், தூரம், கூட வேலை செய்கிறவரின் கை, எல்லாம். அந்த வேலைக்கு மின்சாரம் தேவைப்படாது.

முக்கியமான படம் எது என்று உள்ளே போகும்போது யாருக்கும் தெரியாது. முதல் வரிசை வெல்டிங்கில் நான் மூன்று மூன்றாக எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்த குழிகள் எதுவும் யாரையும் ஒன்றும் செய்திருக்காது. அந்த ஆபத்தான விரிசல், பேட்டரி சிவப்பில் மின்னும்போதுதான் வந்தது. அதனால் முதல் படத்தை எடுக்கும்போதே கடைசிப் படத்துக்கான பேட்டரியை ஒதுக்கி வைத்துவிட்டு எடுங்கள்.